இடக்கையும் இலக்கும்

கேள்வி: இடக்கைப் பழக்கமுள்ள என் மகனுக்குத் தேசிய மாணவர் படையில் வலக்கைத் துப்பாக்கியே கிடைக்கிறது. எந்தத் தோளில் பழகலாம்?
– ஒரு வாசகர், தேவிகாபுரம்

பதில்: கையைவிடக் கண்ணே இங்குப் பிரதானம். தங்கள் ஊர்ப் பெரியநாயகி அம்மன் கோபுரக் கலசத்தை, நீட்டிய கைகளைச் சேர்த்தமைத்த சிறு துவாரத்தின் வழியே இரு கண்களாலும் நோக்கச் செய்து, பின்னர் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால், எக்கண் திறந்திருக்கையில் கலசம் மறையாது நிற்கிறதோ அதுவே முதன்மைக் கண். அது வலக்கண்ணாயின் வலத்தோளே உத்தமம், விரல் பழகிவிடும். 1938-இல் குண்டு வெடித்து வலக்கை சிதைந்த ஹங்கேரியின் கரோலி டகாச், இடக்கையால் சுடப் பழகி, 1948, 1952 ஒலிம்பிக் பந்தயங்களில் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றாரன்றோ! இடக்கண்ணாயின் இடத்தோளில் அணைத்து, முன்கட்டையைத் தாங்கும் வலக்கையாலேயே வலப்புறப் போல்ட்டை இயக்கட்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் பிடி கலையும் என்பது மெய்யே, ஆயினும் படுத்தபடி நிதானமாகச் சுடுவோருக்கு அது பெரிய நஷ்டமன்று. பயிற்சியாளரிடம் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.