வயதான தங்கமீனோடு ஆரணிக்கு வீடு மாறுகிறீர்களா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்து, வாடகைக்கு வீடு பார்த்து, பொன்னேரியை அடுத்த ஆரணிக்குக் குடிவரும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் சிலரிடம் ஏழெட்டு வருடமாக வளர்க்கும் தங்கமீன் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் தங்கமீன் பத்துப் பதினைந்து வருடம் வாழும். வீடு மாறும்போது நமக்கு முகவரி மாறுகிறது, மீனுக்கோ அது சுவாசிக்கும் தண்ணீரே மாறிவிடுகிறது. வயதான மீனால் அந்த மாற்றத்தைச் சட்டென்று தாங்க முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்ய வேண்டும்.

1. ஒரு மாதம் முன்பு: பழைய தண்ணீரைச் சரிசெய்யுங்கள்

பல வருடம் ஓடிய தொட்டியில் நைட்ரேட் ஏறியிருக்கும், காரத்தன்மை குறைந்திருக்கும். மீன் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பழகியிருக்கும். அதைத் திடீரென்று புதுத் தண்ணீரில் விட்டால், அந்தத் தண்ணீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதிர்ச்சிதான். எனவே வாரம் இருமுறை, பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றி வாருங்கள்.

2. புது வீட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள்

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளேறியது பழைய பிரச்சினை. தெருவுக்குத் தெரு போர் தண்ணீரின் உப்பு மாறும். ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, டிடிஎஸ் மீட்டரிலும் பிஹெச் பட்டையிலும் பழைய தொட்டித் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உப்பு மிக அதிகமென்றால் ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து குறைக்கலாம். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றக் கூடாது, அதில் மீனுக்குத் தேவையான தாது உப்புகள் இருக்காது.

போரிலிருந்து வந்ததும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். ஏர் பம்ப் போட்டு ஓர் இரவு வைத்துப் பிறகு சோதியுங்கள். குழாயில் குளோரின் கலந்த தண்ணீர் வந்தால், மீன் கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சேருங்கள்.

3. ஃபில்டரைக் கழுவாதீர்கள்

மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் அதிகம். ஸ்பாஞ்ச் காய்ந்தால் அவை சாகும், குளோரின் தண்ணீரில் கழுவினாலும் சாகும். அதனால் பழைய தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் மூடாமல் எடுத்து வந்து, முதல் வேலையாக ஓட விடுங்கள்.

4. பயண நாள்

முந்தைய நாள் தீனி வேண்டாம். வலையில் அள்ளினால் செதில் உரியும், ஒரு கிண்ணத்தால் தண்ணீரோடு முகந்தெடுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. இரட்டைப் பை போட்டு, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வெயில் ஏறுமுன் விடியற்காலையில் கிளம்புங்கள். தொட்டியைத் தண்ணீரோடு தூக்கவே கூடாது. ஒரு லிட்டர் ஒரு கிலோ, அந்தக் கனத்தில் கண்ணாடியின் ஒட்டு விட்டுப்போகும்.

5. தொட்டியில் விடும்போது

பையைத் திறக்காமல் இருபது நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பையில் சேருங்கள். ஒரு மணி நேரம் போனதும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

6. முதல் இரண்டு வாரம்

பழைய கல்லையும் செடியையும் பழைய இடத்திலேயே வையுங்கள். முதல் நாள் விளக்கும் தீனியும் வேண்டாம், பிறகு வழக்கத்தில் பாதி போதும். அம்மோனியாவை அடிக்கடி சோதியுங்கள். தெரிந்தால் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். துணைக்கென்று புது மீனை இப்போது சேர்க்காதீர்கள், நோய் தொற்றும்.

மேலே வந்து வாய் பிளப்பது, துடுப்பை ஒடுக்கிக்கொள்வது, துடுப்பில் சிவப்புக் கோடு ஆகியவை எச்சரிக்கைகள். உடனே தண்ணீரைச் சோதியுங்கள். பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது, மீன் நோய் தெரிந்தவர்களை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

7. வெயிலும் மின்வெட்டும்

தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். மேற்குச் சுவரை ஒட்டித் தொட்டி வேண்டாம். மின்சாரம் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். கோடையில் ஐஸ் வைத்த பாட்டிலை மூடியோடு மிதக்க விடலாம், ஆனால் ஒரே தடவையில் ஓரிரு டிகிரிக்கு மேல் குறைக்காதீர்கள்.

வளர்க்க முடியாமல் போனால் மீனை வேறொருவரிடம் கொடுங்கள். ஆரணியாற்றில் விட்டுவிடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்ய வாங்கிய உறிஞ்சுவாய்க் கெளுத்தி இப்படி வெளியேறித்தான் நம் நீர்நிலைகளில் பெருகி, நாட்டு மீன்களை நெருக்குகிறது. அந்த ஆறு பழவேற்காடு வரை போகிறது, அதை நம்பி வாழும் மீனவர்கள் இருக்கிறார்கள்.