சாக்கடை வாயில் கிடைத்த பூஞ்சை

செபலெக்சின், செஃபிக்ஸிம், செஃப்ட்ரையாக்சோன். இந்தப் பெயர்களில் ஒன்றாவது மருந்துச் சீட்டில் ஏறாத வீடு நம்மிடையே குறைவு. ஆன்டிபயாட்டிக் என்றால் மண்ணிலும் பழைய ரொட்டியிலும் வளரும் நுண்ணுயிர் தந்தது என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் இந்த மூன்றுக்கும் மூதாதையான பூஞ்சை கிடைத்தது கடல்நீரில், அதுவும் சாக்கடை வந்து விழும் இடத்தில்.

இத்தாலியின் சார்டினியா தீவில் உள்ளது காலியாரி. நகரத்துக் கழிவு கலந்தும் அந்தக் கடல்நீர் தன்னைத் தானே தூய்மைப்படுத்திக்கொள்வது எப்படி என்று யோசித்தார் சுகாதாரப் பேராசிரியர் ஜூசெப்பே ப்ரோட்சு. 1945இல் அங்கு எடுத்த நீரிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தார். டைபாய்டு கிருமி உட்படப் பலவற்றை அது வளரவிடவில்லை.

உப்புநீரே கிருமியைக் கொன்றுவிடும் என்பார்கள். அப்படியென்றால் காலராக் கிருமி கழிமுகங்களில் எப்படிப் பிழைத்திருக்கிறது?

பூஞ்சை கிடைத்ததும் மருந்து கிடைத்துவிட்டதாக நினைப்பதும் தவறு. ப்ரோட்சு அனுப்பிய பூஞ்சையை வைத்து ஆக்ஸ்ஃபோர்டில் எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்ற பொருள் 1953இல்தான் பிடிபட்டது. அதன் வீரியம் குறைவு. ஆனால் பென்சிலினைச் சிதைக்கும் நொதியால் அதை அசைக்க முடியவில்லை. அந்த ஒரு குணத்துக்காகவே விடாமல் பற்றிக்கொண்டார்கள். அதன் மூலக்கூறின் கருவை எடுத்து மாற்றியமைத்த முதல் மருந்து 1964இல் விற்பனைக்கு வந்தது. இடையில் 19 ஆண்டுகள்! சாதாரண ஜலதோஷத்துக்கு, வைரஸை ஒன்றும் செய்யாத இந்த வகை மாத்திரையை விழுங்குவது அந்த உழைப்பை வீணடிப்பதுதான். இன்று இந்த வகை மருந்துகளையும் சிதைக்கும் கிருமிகள் வந்துவிட்டன.

ஒன்றை மறைக்கக் கூடாது: ப்ரோட்சுவின் பூஞ்சை கழிவோடு நிலத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். கடலுக்கே உரிய பூஞ்சைகளுக்கான இன்றைய தேடல் கடற்பஞ்சு, கடற்பாசி, ஆழ்கடல் வண்டல் என்று போகிறது. அங்கும் அடிக்கடி அகப்படுவது நிலத்தில் பழகிய ஆஸ்பெர்ஜில்லஸ், பென்சிலியம் வகைகளே. அதனால் பல நேரம் தெரிந்த பொருளே திரும்பத் திரும்பக் கிடைக்கிறது.

ஆய்வகத்தில் தனியே வளர்த்தால் பூஞ்சை தன் கைச்சரக்கு முழுவதையும் காட்டிவிடும் என்பதும் உண்மையல்ல. பஹாமாஸில் ஒரு பழுப்புக் கடற்பாசியின் மேல் கிடைத்த பூஞ்சையோடு ஒரு கடல் பாக்டீரியாவைச் சேர்த்து வளர்த்தபோதுதான் பெஸ்டலோன் என்ற பொருள் உருவானது. 2001இல் அறிவிக்கப்பட்ட அது மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைத் தடுத்ததால் பெரும் நம்பிக்கை பிறந்தது. பிற்பாடு செயற்கையாகத் தயாரித்துச் சோதித்தபோது வீரியம் முதலில் சொன்னதைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.