மாதர் சங்கத் தலைமை: சில பாடங்கள்

நெசவாளர் தெருக்களிலும், ஆற்றுப் பாசனக் கிராமங்களிலும், கடற்கரை ஊர்களிலும் ஊர்ச் சேவை செய்ய வேண்டுமென்னும் ஆர்வத்தோடு பெண்கள் மாதர் சங்கம் அமைக்கிறார்கள். தொடக்க விழா சிறப்பாகவே நடைபெறுகிறது. ஈராண்டு கழித்துச் சென்று பார்த்தால் பல இடங்களில் பெயர்ப் பலகை இருக்கிறது, சங்கம் இல்லை. சேவை மனப்பான்மை குறைந்து போனதாக இதற்குக் காரணம் கூறுவது பொருந்தாது. தலைமை என்பது யாது என்று தெளியாமையே காரணம். ஒருவரே ஓடியாடி எல்லாப் பணிகளையும் செய்வதைத் தலைமையென்று கருதிவிடுகிறோம். அவர் நோயுற்றாலும், மகள் வீட்டில் சில மாதம் தங்கிவிட்டாலும் சங்கமும் நின்றுவிடுகிறது. தாம் இல்லாத நாளிலும் சங்கம் கூடவும் பணி நடக்கவும் வழி செய்பவரே தலைவியார். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னோர் காட்டிய வழி

கூட்டுறவு இயக்கத்தாருக்கு ராச்டேல் நெசவாளர்களின் 1844ஆம் ஆண்டு நன்கு தெரியும். அதே இங்கிலாந்தில் 1883இல் கூட்டுறவு மாதர் சங்கம் தோன்றியதைப் பலர் அறியார். கூட்டுறவுப் பண்டக சாலைகளில் பொருள் வாங்கும் உழைப்பாளர் வீட்டுப் பெண்களே அதன் அங்கத்தினர்கள். 1889 முதல் 1921 வரை மார்கரெட் லூவெலின் டேவிஸ் அம்மையார் அதன் பொதுக் காரியதரிசியாக இருந்தார். அவர் கற்றவர், வசதியுள்ள குடும்பத்தினர். எனினும் ஏழைப் பெண்களுக்காகத் தாமே பேசிவிடாமல், அவர்களையே பேசவும் எழுதவும் செய்தார். பிள்ளைப் பேற்றின்போது தாங்கள் பட்ட துன்பங்களை அங்கத்தினர்கள் கடிதங்களாக எழுதினர்; அவை 1915இல் நூலாக வெளிவந்தன. 1911ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தில் பிரசவ உதவித் தொகை இடம்பெறவும், 1913இல் அத்தொகை தாய்க்கே உரியதாகவும் அச்சங்கம் உழைத்தது.

நம் நாட்டில் 1917ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் நிறுவப்பட்டது. அன்னி பெசன்ட் அம்மையார் தலைவியாகவும், மார்கரெட் கசின்ஸ் அம்மையார் காரியதரிசியாகவும் பணியாற்றினர். கிளைகளில் படிப்பும், தையலும், முதலுதவியும், குழந்தை வளர்ப்பும் கற்பிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் மாண்டேகு துரையிடம் பெண்களுக்கு வாக்குரிமை கோரிச் சென்ற தூதுக் குழுவும் இம்முயற்சியில் எழுந்ததே. சென்னை மாகாணம் 1921இல் அவ்வுரிமையை வழங்கியது. பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் இச்சங்கத்தின் தலைமையை ஏற்றார். ஒருவருக்குப்பின் ஒருவர் பொறுப்பேற்றதால், தொடங்கியவர்களின் காலத்தோடு சங்கம் முடிந்துவிடவில்லை.

நமக்கு இன்னும் அண்மையிலுள்ள சான்று, 1978இல் சென்னையில் ஜெயா அருணாசலம் அம்மையார் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு. காய்கறிக் கூடை சுமப்பவரும் தெருவில் சிறு வியாபாரம் செய்பவரும் அக்கம்பக்கத்தாராகச் சேர்ந்து சிறு குழுக்கள் அமைத்தனர். ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பேற்றனர். குழுத் தலைவி அதே தெருவில் அதே தொழில் செய்யும் பெண்ணாகவே இருந்தார். வங்கிக் கடனைப் பெறுவதிலுள்ள சிரமங்களைக் கண்டபின், 1981இல் தங்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தையே இப்பெண்கள் அமைத்துக்கொண்டனர். மீனவப் பெண்களிடையிலும் இவ்வமைப்பு பரவியது.

உவரியை எடுத்துக்கொள்வோம்

இப்பாடங்களை நம் மாவட்டத்து ஊர் ஒன்றில் வைத்துப் பார்ப்பது நன்று. மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள உவரியை, அந்தோணியார் கோயிலாலும் சுயம்புலிங்க சுவாமி கோயிலாலும் நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். முன்னே கடல், பின்னே தேரி மணலும் பனையும். ஆண்கள் கடலுக்குப் போக, வீட்டையும் வரவு செலவையும் பார்ப்பவர்கள் பெண்களே. இத்தகைய ஊரில் ஒரு மாதர் சங்கம் எப்பணியை முதலில் மேற்கொள்ளலாம்?

கடலுக்குச் சென்றவர் திரும்பாத வீட்டை எண்ணிப் பாருங்கள். உடல் கிடைக்காவிடில், ஏழாண்டுக் காலம் செய்தி ஏதுமில்லாத பின்னரே ஒருவர் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் கூறிய இவ்விதியை, அதனிடத்தில் வந்துள்ள 2023ஆம் ஆண்டுச் சட்டமும் கொண்டிருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் அண்டையிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோடிகள் பலர் காணாமற் போயினர். அப்போது ஏழாண்டு காத்திராமல் அவர்கள் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் வழங்கியது. ஆயினும் இத்தகைய தளர்வு கிடைக்கும்போதும், போனவர் யார், எந்தப் படகில் போனார், வாரிசு யார் என்பவற்றைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். துக்கத்தில் இருக்கும் பெண் அப்போது எங்கே போய்த் தேடுவாள்?

ஆதலின் அமைதியான நாட்களிலேயே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காகிதக் கட்டு ஆயத்தமாக இருக்கச் செய்வதை முதற் பணியாகக் கொள்ளலாம். மீனவர் அடையாள அட்டை, மீனவர் நல வாரியப் பதிவு, படகின் பதிவெண், விபத்துக் காப்புறுதி விவரம், வங்கிக் கணக்குப் புத்தகம், வாரிசாக நியமிக்கப்பட்டவர் பெயர் ஆகியவற்றின் நகல்கள் அதில் இருக்க வேண்டும். கட்டு அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும். எந்த வீட்டில் எது குறைகிறது என்னும் பட்டியல் மட்டும் சங்கத்தில் இருந்தால் போதும். இதற்குப் பெருஞ்செலவில்லை, பள்ளியிறுதி வகுப்புப் படித்த பெண்கள் நால்வர் போதும்.

நெசவாளர் தெருவில் இதே பணியை நெசவாளர் அடையாள அட்டை, காப்புறுதி, சங்கப் பங்குத் தொகையின் வாரிசு நியமனம் ஆகியவற்றைக் கொண்டு செய்யலாம். விவசாயிகள் ஊரில் பட்டாவும் பயிர்க் காப்புறுதி ரசீதும் சேரும். எந்த ஊராயினும், பணியைத் தலைவியார் தம் விருப்பப்படி முடிவு செய்யாமல், வீடு வீடாகக் கேட்டறிந்து கூட்டத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சமயம் ஒரு பணி என்பதே நல்லது.

நேரமும் இடமும்

கூட்ட நேரம் உழைக்கும் பெண்ணுக்கு ஏற்றதாக இருத்தல் அவசியம். மீன் கரையேறி விற்பனையாகும் வேளையில் உவரியில் கூட்டம் வைத்தால், மீன் விற்காதவர்களே வருவர். கார், பிசான நடவு நாட்களில் ஆற்றங்கரை ஊர்களிலும், தார் சுற்றும் வேலை மிகுந்த பண்டிகைக் காலத்தில் நெசவாளர் தெருவிலும் இதே நிலைதான். தலைவியாருக்கு வசதியான நேரத்தைக் குறித்துவிட்டு, அங்கத்தினருக்கு அக்கறையில்லை என்று வருந்துவதில் பயனில்லை. எல்லாத் தெருவாரும் எல்லா மதத்தாரும் கூச்சமின்றி வரக்கூடிய பள்ளிக்கூடமோ, கூட்டுறவுச் சங்கக் கட்டிடமோ கூடுமிடமாக இருக்கட்டும்.

கணக்கு

நாம் கணக்குகளைப் பார்வையிடும் தொழிலினர். ஆதலின் இதனைச் சற்று அழுத்திச் சொல்லுகிறோம். மாதர் சங்கம் சிதைவதற்குப் பணம் களவு போவதைவிடப் பணம் கலந்து போவதே பெரும்பாலும் காரணமாகிறது. சேமிப்புப் பணம் செலுத்திய அங்கத்தினருடையது. சேவைக்கென்று வசூலித்த பணம் ஊருடையது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்றாக எடுத்தாலும் சந்தேகம் பிறக்கும். சந்தேகம் பிறந்தபின் நேர்மையானவரும் தலைகுனிய நேரும்.

வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம் ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே வேண்டும். வங்கிக் கணக்கை இருவர் கையொப்பத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்விருவரும் ஒரே குடும்பத்தினராக இருத்தலாகாது. பத்து ரூபாயாயினும் ரசீது கொடுத்தல் நன்று. எழுத்தறியாதவர்களும் இருப்பார்கள் ஆதலின், ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவை உரக்க வாசிப்பது இன்றியமையாதது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஏழு பேர் சேர்ந்தே சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். கடன் கொடுக்கல் வாங்கலே நோக்கமானால் கூட்டுறவுச் சங்கமாகவோ, சுய உதவிக் குழுவாகவோ அதனைத் தனியே அமைப்பதே முறை.

அடுத்த தலைவி

பதவியேற்ற நாளிலேயே தலைவியார் அடுத்தவரைத் தயார் செய்யத் தொடங்க வேண்டும். மாதந்தோறும் கூட்டத்திற்கு வெவ்வேறு அங்கத்தினர் தலைமை வகிக்கட்டும். அதிகாரிகளைக் காணச் செல்லும்போது பேசிப் பழகாத ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று, விண்ணப்பத்தை அவர் கையாலேயே கொடுக்கச் செய்யலாம். தொடர்ந்து இரண்டாண்டுக்கு மேல் ஒருவரே பதவி வகிக்கலாகாது என்று துணைவிதியில் எழுதிவிட்டால் மனவருத்தத்திற்கும் இடமில்லை. பதவி நீங்கியவரின் அனுபவம் ஆலோசனையாகப் பயன்படும்.

ஒரு சோதனையை மட்டும் கூறி முடிக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்திற்குத் தலைவியார் வேண்டுமென்றே வராதிருக்கட்டும். கூட்டம் குறித்த நேரத்தில் கூடி, கணக்கு வாசிக்கப்பட்டு, காகிதக் கட்டு இல்லாத வீடுகள் எவை என்று பேசப்பட்டால் அச்சங்கத்தின் தலைமை சரியாக நடக்கிறது. கூட்டம் கூடாவிடில், பணியை எங்கிருந்து தொடங்க வேண்டுமென்பது தெரிந்துவிடும். அங்கத்தினர்கள் தத்தம் ஊர் மாதர் சங்கத்தாருக்கு இதனை வாசித்துக் காட்டி, இம்மாதக் கூட்டத்திலேயே மேற்கொள்ளச் செய்வார்களாக.