வசந்தகால வானிலையும் வடமேற்கு இந்தியக் கோதுமை வயல்களும்

பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் கோதுமை பெரும்பாலும் நவம்பரில் விதைக்கப்பட்டு ஏப்ரலில் அறுவடையாகின்றது. பயிர் வளர்வது குளிர்காலத்திலாயினும், விளைச்சலைப் பெரிதும் தீர்மானிப்பவை பிப்ரவரி இறுதி முதல் மார்ச் இறுதி வரையுள்ள சில வாரங்களே.

இவ்வாரங்களில் நிகழ்வது யாது? பயிர் பூத்தபின், இலைகள் ஆக்கும் உணவு மணிகளிற் சேர்ந்து மாவுச்சத்தாகின்றது. மணி முதலிற் பால் பிடித்து, பின்னர் இறுகுகின்றது. பகல் உஷ்ணநிலை 25 டிகிரி சென்டிகிரேட் அளவில் இருப்பின் இது நிதானமாக நடைபெறும். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் பல நாட்கள் நீடிப்பின், இலைகள் விரைவில் உலர்கின்றன. மணி நிரம்பும் காலம் குறுகுகின்றது. பயிர் முன்னதாகவே முதிர்ந்துவிடும், மணியோ சுருங்கியிருக்கும்.

2022ஆம் ஆண்டு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் நாட்டின் சராசரி உச்ச வெப்பம் 33.1 டிகிரி, 1901ஆம் ஆண்டு முதல் அதுகாறும் பதிவான மார்ச் மாதங்களில் அதுவே மிகுதி. மழையும் இயல்பைவிட 71 சதவீதம் குறைந்தது. சுருங்கிய மணிகள் மிகுந்தமையால், அரசாங்கக் கொள்முதலில் அவற்றுக்கு 6 சதவீதமாக இருந்த வரம்பு, பஞ்சாபிலும் ஹரியானாவிலும் மே மாதத்தில் 18 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. மே 13ஆம் தேதி கோதுமை ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது.

இதற்கு மாறான துன்பமும் உண்டு. மத்தியதரைக் கடற் பக்கமிருந்து கிழக்கு நோக்கி வரும் மேற்கத்தியக் கலக்கங்கள் குளிர்காலத்தில் தரும் மழை பயிருக்கு நன்மையே. அவையே மார்ச் இறுதியில் புயற்காற்றுடனும் ஆலங்கட்டியுடனும் வரின், கதிர் கனத்த பயிர் சாய்ந்துவிடும். 2023 மார்ச்சில் இவ்வாறே நேர்ந்தது. ஈரம் உலராத வயலில் அறுவடை இயந்திரம் இறங்க இயலாது. அறுவடை தாமதித்தால், அடுத்து விதைக்கவேண்டிய பாசிப்பயறும் தாமதிக்கும். அது முதிரச் சுமார் 60 முதல் 65 நாட்கள் தேவை. ஏப்ரல் கடந்து விதைத்தால், காய் பறிக்குமுன் பருவமழையில் அகப்படும்.

வசந்தகால வெப்பத்தைத் தடுத்தல் நம்மால் ஆகாது; அதற்குமுன் மணி நிரம்புமாறு செய்தல் ஆகும். ஆதலின் இதற்கான பரிகாரம் நவம்பரிலேயே தொடங்குகின்றது. நெல் அறுத்தபின் தாளை எரிக்காமல், அதனிடையே விதைக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தினால் உழவுக்குச் செலவாகும் நாட்கள் மிஞ்சும். நிலத்தின் ஈரமும் காக்கப்படும். மார்ச்சில் வெப்பம் ஏறும்போது இலேசான பாசனம் பயன் தரும். ஆயின் பலத்த காற்று வீசும் நாளில் நீர் பாய்ச்சலாகாது; ஈரநிலத்தில் வேர்ப்பிடி தளர்ந்து பயிர் சாயும்.

களப் பணியாளரும் ஆசிரியரும் இதனை எளிய சோதனையால் விளக்கலாம். ஒரே கிராமத்தில், ஒரே இரகம் நவம்பர் முதற் பாதியில் விதைத்த வயலொன்றையும், டிசம்பரில் விதைத்த வயலொன்றையும் தேர்ந்துகொள்க. பிப்ரவரி முதல் நாள்தோறும் உச்ச வெப்பத்தையும், ஒவ்வொரு வயலிலும் பூத்த தேதியையும் குறித்து வருக. அறுவடையின்போது இரண்டிலிருந்தும் ஆயிரம் மணிகளை எண்ணி நிறுத்துப் பார்க்க. சில வாரத் தாமதத்தின் விலையைத் தராசு தானே காட்டும். அதனை ஒருமுறை கண்ட உழவர், வரும் நவம்பரில் விதைப்பு நாளைத் தள்ளிப்போடத் தயங்குவார்.