முன்வார்ப்பு வீடுகள்: செலவும் இணைப்பும்

கட்டடத்தின் உறுப்புகளை வேறோரிடத்தில் முன்கூட்டியே வார்த்து, அவை இறுகிய பின்னர் மனைக்குக் கொண்டுவந்து பொருத்துவதை முன்வார்ப்பு முறை என்பர். கிணற்றுக்கு உறை இறக்குவதைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தியன்று. உறைகளைத் தரையின் மேல் வார்த்து, நன்றாக நனைத்துப் பதப்படுத்தி, பிறகே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிணற்றில் இறக்குகிறார்கள். அதே உபாயத்தை வீட்டின் சுவருக்கும் கூரைக்கும் விரித்துக்கொண்டால் முன்வார்ப்பு வீடு கிடைக்கிறது.

இம்முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் எஃகுச் சட்டத்தின் மீது முழு வீட்டையுமே தொழிற்சாலையில் முடித்துச் சாலை வழியே இழுத்துச் செல்வது ஒரு வகை. 1976 முதல் இதற்கு நாடு முழுமைக்குமான தனி விதிகள் உண்டு. அறை அறையாகச் செய்து, மனையிலுள்ள அஸ்திவாரத்தின் மேல் சேர்ப்பது மற்றொரு வகை. இது அந்தந்த வட்டாரத்தின் கட்டட விதிகளுக்கு உட்பட்டது. இந்தியாவிலோ பலகை, உத்தரம் என்று தனித்தனி உறுப்பாக வார்ப்பதிலேயே பெரும்பாலும் கவனம் சென்றது. அதற்குக் காரணம் உண்டு.

பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தோருக்கு விரைவில் வீடு தர வேண்டியிருந்தபோது, 1948-இல் டில்லியில் அரசாங்க வீட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அக்காலத்தில் மத்திய அரசாங்கத்தின் வீட்டுத்துறை இயக்குநராக இருந்தவர், அதற்கு முன் மைசூர் சமஸ்தானத்தில் பணிபுரிந்த ஆட்டோ கோனிக்ஸ்பெர்கர். நுரைக் கான்கிரீட்டினால் பெரும் சுவர்ப் பலகைகள் வார்த்து வீடுகளை வேகமாக நிறுத்திவிடலாம் என்பது திட்டம். ஆனால் பலகைகள் விரிசல் கண்டன. எண்ணிய மலிவும் கிட்டவில்லை. முதல் முயற்சி கைவிடப்பட்டது. தொழிற்சாலை மட்டும் நிலைத்தது. 1953-இல் அது இந்துஸ்தான் வீட்டுத் தொழிற்சாலை என்றும், 1978-இல் இந்துஸ்தான் பிரீஃபாப் என்றும் பெயர் மாறியது.

அந்தத் தோல்வியிலிருந்து பெறத்தக்க பாடம், தொழிற்சாலை என்பதனாலேயே வீடு மலிவாகிவிடாது என்பதே. பெரும் பலகையைத் தூக்கக் கிரேன் வேண்டும். ஏற்றிச் செல்ல வண்டியும் அகன்ற சாலையும் வேண்டும். நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே இடத்தில் எழும்பினால் இச்செலவு பங்கிடப்பட்டுக் குறையும். கடைக்கோடிக் கிராமத்தில் பத்து வீடுகளுக்கு அது கட்டுப்படியாகாது. ரூர்க்கியில் 1947-இல் நிறுவப்பட்ட மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இக்கணக்கை நன்கு உணர்ந்து, ஆட்களே தூக்கி வைக்கக்கூடிய சிறு உறுப்புகளை வகுத்துத் தந்தது.

அவற்றுள் களப்பணியாளர் முதலில் அறிய வேண்டியது பலகை–உத்தரக் கூரையாகும். உத்தரம் 15 செ.மீ. அகலமும் 15 செ.மீ. உயரமும் உள்ள கம்பிக் கான்கிரீட் கட்டை. அதனுள் உள்ள கம்பி வளையங்களின் தலைப்பு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். பலகை 30 செ.மீ. அகலமும், அதிக அளவாக 1.5 மீட்டர் நீளமும் உடையது. கனம் சில பாகத்தில் 6 செ.மீ., சில பாகத்தில் 3 செ.மீ. சுவரின் மேல் உத்தரங்களை வைத்து, அவற்றின் மீது பலகைகளை நெருக்கி அடுக்கி, இடைவெளிகளில் கான்கிரீட் நிரப்பினால் கூரை முடிந்தது. மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட பழைய சென்னை வீடுகளின் கூரையும் ஏறத்தாழ இவ்வறிவையே கொண்டது.

3 மீட்டருக்கு 3.6 மீட்டர் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். 3 மீட்டர் பக்கத்தைத் தாண்டுமாறு 1.2 மீட்டர் இடைவெளியில் உத்தரம் வைத்தால் இரண்டே உத்தரங்கள் போதும்; அறை மூன்று பத்திகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு பத்திக்கும் பத்துப் பலகைகள் வீதம் மொத்தம் முப்பது வேண்டும். பலகை ஒன்று சுமார் 40 கிலோ எடை இருக்கும், இருவர் தூக்கிவிடலாம். சுவரில் பதியும் நீளத்தையும் சேர்த்து உத்தரம் 3.3 மீட்டர் என்றால் அதன் எடை 185 கிலோவை ஒட்டி வரும். ஆறு பேரும் ஒரு கயிறும் தேவை. அறை முழுவதற்கும் சென்ட்ரிங் பலகை அடிக்கும் செலவு இங்கே இல்லை. சிறு வீட்டுக்காரருக்கு மிச்சமாவது முக்கியமாக இதுவே. வார்க்கும் அச்சு ஒன்றிரண்டு இருந்தால் ஊரிலுள்ள கொத்தனாரே நாளொன்றுக்குச் சில பலகைகளாக வார்த்துச் சேர்த்து வைக்கலாம்.

செங்கல் மலிவாகவும் ஜல்லி தொலைவாகவும் உள்ள ஊர்களில் செங்கல் பலகை ஏற்றது. செங்கற்களைத் தரையில் பரப்பி, நடுவே 6 மி.மீ. கம்பிகள் இரண்டை ஓட்டி, சந்துகளைக் கலவையால் நிரப்பி 53 செ.மீ. அகலத்தில் வார்ப்பது இது.

பெரும் அளவில் முன்வார்ப்பு எவ்வாறு பயன்படும் என்பதற்கு 2021 ஜனவரி முதல் நாளன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஆறு நகரத் திட்டங்கள் சான்று. அவற்றுள் சென்னையில் கான்கிரீட் உறுப்புகளை வார்த்துப் பொருத்திய 1,152 வீடுகள் 2022 மே மாதத்தில் திறக்கப்பட்டன. ராஞ்சிக்கு வகுத்த 1,008 வீடுகளுக்கோ அறைகளையே முழுதாக வார்த்து அடுக்கும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. இங்கே கிரேனுக்கு வேலை உண்டு, காலமும் மிச்சமாகும். கிராம வீட்டுக்கு இவற்றை அப்படியே மாதிரியாகக் கொள்வதற்கில்லை.

சிறிதாயினும் பெரிதாயினும், முன்வார்ப்புக் கட்டடத்தின் உயிர்நிலை இணைப்பில் உள்ளது. லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடம் பெரும் பலகைகளால் எழுப்பப்பட்டது. 1968 மே 16-ஆம் நாள் பதினெட்டாம் மாடியில் எரிவாயு வெடித்தபோது ஒரு சுவர்ப் பலகை பிடுங்கிக்கொண்டு வெளியே விழுந்தது. அது தாங்கியிருந்த மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் மாண்டனர். பலகைகள் உடையாமல் இருந்தும் அவற்றை ஒன்றோடொன்று கட்டிவைத்த பிடிப்பு போதவில்லை. நம் நாட்டில் 2001 ஜனவரி 26-ஆம் நாள் கச்சுப் பகுதி நில அதிர்ச்சியில், முன்வார்ப்புப் பலகைகளால் அண்மையில்தான் கட்டப்பெற்றிருந்த பள்ளி அறைகள் பலவற்றின் கூரைகள் விழுந்தன. கூரைப் பலகைகள் சுவரோடும் தம்முள்ளும் உறுதியாகப் பிணைக்கப்படவில்லை. அன்று குடியரசு நாள் விடுமுறை. அறைகளில் வகுப்பு நடக்கவில்லை. பள்ளிக் கட்டடத்துக்குப் பொறுப்பாளராக இருக்கும் ஆசிரியர் இதை மறத்தலாகாது.

ஆகவே மேற்பார்வைக்குச் செல்லும் பணியாளர் பலகையின் வழவழப்பைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடக் கூடாது. உத்தரத்தின் மேல் நீட்டியிருக்கும் வளையங்கள் மடக்கப்படாமலும் வெட்டப்படாமலும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பலகை வைக்க இடையூறு என்று அவற்றை வெட்டிவிடுவது வழக்கமான பிழை. வளையமும் மேலே இடும் கான்கிரீட்டும் சேர்ந்தே உத்தரத்துக்கு முழு வலிவைத் தருகின்றன. இடைவெளிகளில் கிடக்கும் மண்ணையும் சுண்ணாம்புத் தூளையும் துடைத்து, நீர் தெளித்து, குறுக்குக் கம்பிகளை வைத்த பின்பே கான்கிரீட் இடலாம். நான்கு சுவர்களையும் சுற்றி, கூரை மட்டத்தில் கம்பியிட்ட கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். கூரையின் கம்பிகள் அதனுள் சென்று பதிய வேண்டும். நில அதிர்ச்சி மிகுந்த வட்டாரங்களில் இப்பட்டையைச் செலவு கருதி விடுவதற்கு இடமேயில்லை.

நிரப்பிய கான்கிரீட் இறுகுமுன் உத்தரத்தின் நடுவில் கொடுத்த முட்டுக்கட்டையை எடுத்தலும் தவறு. குறைந்தது ஏழு நாளாவது ஈரச்சாக்கினால் மூடி நனைத்து வர வேண்டும். கோடையில் சாக்கு நண்பகலுக்குள் உலர்ந்துவிடும். மாலையில் ஒரு முறை போய்த் தொட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.