பாமாயிலுக்குத் தடை போட்ட இலங்கை: ஒரு ரோல்ஸ் கடையின் கணக்கு

போன வீடியோவுல இலங்கைப் பணவீக்கம் பத்திப் பேசினப்போ பாமாயில் தடையை ரெண்டு நிமிஷத்துல தாண்டிப் போயிட்டேன். அதை இங்க கொஞ்சம் நிதானமா, கணக்கோட பார்ப்போம்.

நம்ம தமிழ்நாட்டுல ரேஷன் கடையில பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிநாட்டுல விலை ஏறினாலும் இறங்கினாலும் நமக்கு அதே 25 ரூபாய்தான், ஏன்னா மீதியை அரசாங்கம் கட்டுது. அதனால பாமாயில் ஒரு டாலர் சரக்குங்கிறதே நமக்கு ஞாபகம் வர்றதில்லை. இலங்கையில நிலைமை வேற. அங்க எண்ணெய் விலை உலகச் சந்தை, டாலர் மதிப்பு, அரசு வரின்னு மூணையும் சுமந்துக்கிட்டுத்தான் கடைக்கு வருது.

2021 ஏப்ரல் 5. அன்னைக்கு இலங்கை அரசு பாமாயில் இறக்குமதியை உடனடியா நிறுத்தியது. புதுசா எண்ணெய்ப் பனை நடவும் தடை. ஏற்கெனவே நட்டவங்க வருஷத்துக்கு 10 சதவீதமா பிடுங்கிட்டு ரப்பர் மாதிரி வேற பயிர் வைக்கணும்னு சொன்னாங்க. காரணம் இல்லாம இல்லை. காலி, மாத்தறை, களுத்துறை பக்கம் தண்ணீர் வத்துது, மண் கெடுதுன்னு ஊர்க்காரங்க ரொம்ப நாளா புகார் சொல்லிட்டு இருந்தாங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். அப்போ அந்த நாடு வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் டன் பாமாயில் இறக்குமதி செஞ்சுது, பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவுல இருந்து. உள்ளூர்ல எண்ணெய்ப் பனை சுமார் 11,000 ஹெக்டேர்தான். ஹெக்டேருக்கு 3, 4 டன் எண்ணெய்னு தாராளமா வச்சாலும் 40, 45 ஆயிரம் டன்னைத் தாண்டாது.

சரி, 'தேங்காய் எண்ணெய் இருக்கே, அது போதாதா?' ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 8 தேங்காய் வேணும். 2 லட்சம் டன்னுன்னா 20 கோடி கிலோ. எட்டால பெருக்குங்க: 160 கோடி தேங்காய்! இலங்கையோட மொத்த விளைச்சலே வருஷத்துக்கு 250 முதல் 300 கோடி தேங்காய். அதுல பெரும்பங்கு வீட்டுச் சமையலுக்கே போயிடும். பால் பிழியாம, சம்பல் இடிக்காம அந்த ஊர்ல ஒரு நாள் ஓடுமா? அதுக்கப்புறம் ஏற்றுமதி வேற. மிச்சம் எங்க இருக்கு?

இதுல இன்னொரு சிக்கல், பாமாயில் கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் அதிகம் இருக்கு. பிஸ்கட், நூடுல்ஸ், பேக்கரி மார்ஜரின், மிக்சர். அறை வெப்பத்துல ஓரளவு கெட்டியா நிக்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. அந்த இடத்துல வேற எண்ணெயை ஊத்தினா பிஸ்கட் பிஸ்கட்டா வராது. அதனால முழுத் தடை நீடிக்கலை, தொழிற்சாலைகளுக்கு அனுமதிப்பத்திர முறையில வழி திறந்தாங்க. அடி விழுந்தது சின்னக் கடைக்காரங்களுக்குத்தான்.

சென்னையில எங்க பக்கத்து வீட்டுல சில வருஷம் இருந்துட்டு கொழும்பு திரும்பின ஒரு அக்கா, வெள்ளவத்தையில ரோல்ஸ், பற்றிஸ், வடை போட்டு டீக்கடைகளுக்குக் கொடுக்கிறாங்க. 2022 மே மாசம் போன்ல கூப்பிட்டாங்க. "தம்பி, கொப்பியில லாபம் எண்டு வருது. ஆனா அடுத்த எண்ணெய்க் கேன் வாங்கக் கையில காசில்லை. எங்க பிழை?"

கணக்குக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பிழை ஒரே வரியில இருந்தது. எண்ணெய்ச் செலவை *வாங்கின* விலையில எழுதியிருந்தாங்க.

உதாரணத்துக்கு ரவுண்டா வச்சுக்குவோம். பழைய கேன் 5,000 ரூபாய். அதுல பொரிச்ச ரோல்ஸ் வித்து, மத்த செலவெல்லாம் போக 6,500 கையில வந்துது. லாபம் 1,500னு எழுதி, அதை வீட்டுச் செலவுக்கு எடுத்தாச்சு. அடுத்த கேன் 8,000. அப்போ உண்மையில அந்த 1,500 லாபமே இல்லை, 1,500 பற்றாக்குறை. வீட்டுக்கு எடுத்ததையும் சேர்த்தா 3,000 துண்டு விழுது. எங்க பாஷையில இது ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட். விலை வேகமா ஏறுற காலத்துல, தீர்ந்துபோன கேனோட விலையை வச்சு ரோல்ஸுக்கு விலை போட்டா முதல் கரைஞ்சிடும், கொப்பியில மட்டும் லாபம் தெரியும். படிச்ச நாங்களே சில நேரம் கோட்டை விடுற இடம் இது, அக்காவைக் குத்தம் சொல்ல முடியாது.

ஏன் அவ்வளவு வேகமா ஏறுச்சு? தடை வந்த நேரத்துல உலகச் சந்தையில பாமாயில் டன் 1,075 டாலரை ஒட்டி, டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். கிலோவுக்கு 215 ரூபாய். 2022 மே மாசம் டன் சுமார் 1,700 டாலர், டாலர் சுமார் 360 ரூபாய். கிலோ 612! கப்பல் கூலி, வரி எல்லாம் இதுக்கு மேல. டாலர் விலை ஏறினது கிட்டத்தட்ட 60 சதவீதம், டாலரோட மதிப்பு ஏறினது 80 சதவீதம். ரெண்டையும் கூட்டி 140னு நினைக்காதீங்க. இது பெருக்கல், 185 சதவீதம் வரும். நம்ம ஊர்ல தங்கம் விலை ஏர்றதும் இதே பெருக்கல்தான்.

பாமாயில் தடையில இருந்தா இது தேங்காய் எண்ணெயை ஏன் பாதிக்கணும்னு கேட்கலாம். மலிவான மாற்று இருந்தாதான் தேங்காய் எண்ணெய்க்காரர் விலையை அடக்கி வைப்பார். அது எட்டாத விலைக்குப் போனா இவருக்கு என்ன பயம்? இதோட 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேசியா தன் பக்கம் ஏற்றுமதியையே நிறுத்தி வச்சது. அந்த செப்டம்பர்ல கொழும்பு உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் வரை போச்சு.

அக்காகிட்ட ரெண்டு விஷயம் சொன்னேன். ஒண்ணு, திங்கட்கிழமை காலையில கடையில எண்ணெய் விலை கேட்டுட்டு அந்த விலையிலதான் அந்த வாரக் கணக்கு. ரெண்டு, கேன் காசைத் தனி டப்பாவுல போட்டுட்டு மிச்சம் இருந்தாதான் வீட்டுக்கு. நகையை அடகு வச்சு பத்து கேன் வாங்கி வைக்கலாமான்னு கேட்டாங்க. வேணாம்னேன். அடகு வட்டி, சிக்கு வாடை, நாளைக்கே வர்த்தமானியில வரியை மாத்திட்டா விலை இறங்குற அபாயம், மூணும் இருக்கு. விலை அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் ஏறியிருந்தா எனக்குத் திட்டு விழுந்திருக்கும், அது வேற கதை.

ரோல்ஸ் விலையை ஏத்தினதுல ரெண்டு டீக்கடை கைவிட்டுப் போச்சு. மூணாவது மாசம் ஒண்ணு திரும்பி வந்துது. 2025 தொடக்கத்துல அங்க ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தொட்டப்போ அக்காவே மெசேஜ் போட்டாங்க: "தம்பி, இப்ப தேங்காய்க்கும் தனி டப்பா வச்சிருக்கிறன்."