அடுக்கு ஆன்டெனாக்களும் அவற்றின் இணைப்பு முறையும்

குடிபாலாவிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிக் காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அங்கு அமைந்துள்ளது. 130 மீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் கொண்ட அதன் திடலில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக 1,024 யாகி ஆன்டெனாக்கள் வானை நோக்கி நிற்கின்றன. 1990-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட இந்த ராடார், 53 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கி, உயரே வீசும் காற்றின் வேகத்தை அளக்கிறது.

ஓர் ஆன்டெனாவை இரண்டாக்கினால், ஆற்றல் வீணாகாதபோது, முன்திசையில் கிடைக்கும் ஆதாயம் இரு மடங்கு, அதாவது 3 டெசிபெல். பத்து முறை இவ்வாறு இரட்டித்தால் 1,024 ஆன்டெனாக்களும் 30 டெசிபெல் கூடுதல் ஆதாயமும் வருகின்றன. பயில்முறை வானொலியாளர் வீட்டு மாடியில் செய்வது இந்தப் பத்துப் படிகளுள் முதற் படியே. ஆயினும் விதி ஒன்றே: எல்லா ஆன்டெனாக்களுக்கும் மின்னோட்டம் ஒரே கட்டத்தில் சென்று சேர வேண்டும்.

145 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இரு யாகி ஆன்டெனாக்கள் ஒரே கம்பத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, கிடைநிலைக் கோல்களுடன் பொருத்தப்பட்டுள்ளன என்று கொள்வோம். அலைநீளம் 2.07 மீட்டர். செங்குத்துத் தளத்தில் ஒவ்வொன்றின் கதிர் அகலமும் 60 டிகிரி அளவில் இருந்தால், ஏறத்தாழ ஓர் அலைநீள இடைவெளி பொருத்தமானது. நீளமான யாகிகளுக்கு இடைவெளி இன்னும் மிகுதியாக வேண்டும்.

ஒவ்வோர் ஆன்டெனாவின் மின்மறுப்பும் 50 ஓம். இரண்டையும் பக்க இணைப்பில் நேரே சேர்த்தால் 25 ஓம் ஆகிறது. 50 ஓம் கேபிளுடன் இது பொருந்தாது. நிலை அலை விகிதம் 2 ஆகி, சந்திப்பை அடையும் ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்கு திரும்பிவிடும். இதற்கு மாற்று, தொலைக்காட்சிக்குப் பயன்படும் 75 ஓம் கேபிளிலேயே உள்ளது. கால் அலைநீளத் துண்டு ஒன்று மின்மறுப்பை மாற்றித் தரும் இயல்புடையது. 75-ஐ 75-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 112.5 ஓம். அத்தகைய இரண்டு சேரும்போது 56 ஓம் சொச்சம். நிலை அலை விகிதம் 1.13 அளவில் நின்றுவிடுகிறது, இது போதுமானது.

கேபிளுக்குள் அலை மெதுவாகவே செல்லும். திண்ம பாலிஎத்திலீன் கேபிளில் அதன் வேகம் வெற்றிடத்தில் உள்ளதில் 0.66 பங்கு; ஆதலின் கால் அலைநீளம் 34 சென்டிமீட்டரே. இத்துணைச் சிறு துண்டுகள் இரண்டு மீட்டர் இடைவெளியை எட்டா. கால் அலைநீளத்தின் ஒற்றைப்படை மடங்குகளும் அதே பணியைச் செய்யும் என்பதால், ஐந்து மடங்கான 1.71 மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டுகளை வெட்டலாம். நுரைக் கேபிளில் வேகம் கூடுதல். அதற்கு இக்கணக்கு பொருந்தாது.

பொதுவாகப் பலர் நிலை அலை மானியை மட்டுமே நம்பிவிடுகின்றனர். அக்கருவி மின்மறுப்புப் பொருத்தத்தைக் காட்டுமேயன்றிக் கட்டத்தைக் காட்டாது. மேல் ஆன்டெனாவில் கேபிளின் நடுக்கம்பி இடப்பக்கக் கோலிலும், கீழ் ஆன்டெனாவில் வலப்பக்கக் கோலிலும் இணைக்கப்பட்டதாகக் கொள்க. மானி முன்போலவே நல்ல அளவைக் காட்டும். ஆனால் இரு அலைகளும் முன்திசையில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆற்றல் அடிவானத்தை விட்டு, மேலும் கீழுமாக 30 டிகிரி அளவில் பிரிந்து போகும். தொலைவிலுள்ள நிலையத்திற்குக் குரல் எட்டாது; குற்றமோ வானிலையின் மேல் சுமத்தப்படும்.

நீள வேறுபாடு சிறிதாயின் கேடும் சிறிதே. ஒரு துண்டு 10 சென்டிமீட்டர் மிகுந்தால் கதிர் நான்கு டிகிரி அளவு சாயும். பேச்சுத் தொடர்புக்கு அது பொருட்டன்று. காதங்கியிலோ நிலைமை வேறு. கிடைத்தளக் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசும்போது, செங்குத்தெனக் கருதப்படும் கதிர் ஒரு டிகிரி சாய்ந்திருந்தால், இல்லாத மேல்நோக்கிய அல்லது கீழ்நோக்கிய காற்று நொடிக்கு 35 சென்டிமீட்டர் என்று பதிவாகும். உண்மையான செங்குத்துக் காற்று பல வேளைகளில் அதைவிடக் குறைவு. தொடக்கத்தில் அங்கு 32 பரப்பிகள் இருந்தன. நடுவிலுள்ள வரிசைகளுக்கு மிகுந்த ஆற்றலும் ஓரங்களுக்குக் குறைந்த ஆற்றலும் தந்து பக்கக் கதிர்கள் அடக்கப்பட்டன. பின்னர், ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் தனித்தனியே ஒரு கிலோவாட் திண்மநிலைப் பரப்பி ஏற்பி பொருத்தப்பட்டது.

மாணவர்க்கு இதைக் காட்ட விரும்பும் ஆசிரியர், உரிமம் பெற்ற வானொலியாளர் ஒருவரின் துணையுடன், ஐம்பது அறுபது மீட்டர் தொலைவில், ஆன்டெனாக்களுக்கு நேர் எதிரே சிறு புலவலிமை மானி ஒன்றை வைக்கலாம். முதலில் ஓர் ஆன்டெனாவை மட்டும் 50 ஓம் கேபிளில் நேரே இணைத்து அளவைக் குறித்துக்கொண்டு, பின்பு இரண்டையும் அடுக்காகச் சேர்த்து அளக்க வேண்டும். அளவு கூடினால் இணைப்பு சரியானது. குறைந்தால், ஏதேனும் ஓர் ஆன்டெனாவில் நடுக்கம்பியையும் வெளிப்பின்னலையும் இடம் மாற்றிக் கட்டி, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். அதன் பின்னரே சந்திப்பை மழைநீர் புகாதபடி நாடாச் சுற்றி மூடுதல் நலம்.